விரிசல் வைக்க மாட்டேன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை அலுவலகத்தில், வேலை நேரத்தில், சம்பளம் வாங்கிக்கொண்டே பிறந்தது. ஆங்கில–தமிழ் அகராதி ஒன்றைத் தயாரிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரே சாயலில் இருக்கிற ஆங்கிலச் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று குறிப்பு எழுதுவது என் பங்கு. கோபத்துக்கு எழுதினேன், பயத்துக்கு எழுதினேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல முடிவெடுக்கிற புத்தியைக் குறிக்கும் சொற்களுக்கு வந்தபோதுதான் வம்பு வந்தது.

வைஸ், சென்சிபிள், ப்ரூடென்ட், ஜுடிஷியஸ், ஷ்ரூட், சகேஷியஸ். இத்தனைக்கும் தமிழில் 'புத்திசாலித்தனமான' என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். பழைய பதிப்பில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நான் போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரண வாக்கியம் வேண்டும் என்பது எங்கள் விதி. ஜுடிஷியஸுக்கு நான் எழுதிக் கொடுத்தது இது:

அவள் ராட்டினத்தை நிறுத்தினாள். பிறகு சோதித்தபோது விரிசல் எதுவும் இல்லை.

எங்கள் தலைமை ஆசிரியை என்னைவிட வயதில் இளையவர். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு மேசை முழுக்க அதைத் தேடுகிறவர். அன்றைக்குத் தேடாமல் நேராக என் இடத்துக்கே வந்துவிட்டார்.

"இது என்ன உதாரணம்? விரிசல் இல்லைன்னா அவ நிறுத்தினது தப்புதானே? அர்த்தத்தையே கவுத்துடுதே இது."

"தப்பில்ல மேடம்."

"ஏன் தப்பில்லைன்னு படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குக் கொஞ்சம் கதை சொல்லணும்."

"கதையை வீட்ல எழுதுங்க. இங்க ஒரு வரிக்குத்தான் இடம்."

அப்படியே ஆகட்டும் என்று வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். அந்த வாக்கியத்தில் வருகிற 'அவள்' என் நாத்தனார், இவருடைய தங்கை. (இவர் என்றால் என் வீட்டுக்காரர். கதையில் அவருக்குச் சின்ன வேடம்தான். அது தெரிந்தால் கோபித்துக்கொள்வார்.)

2

எப்படி ஆரம்பிப்பது? முதல் முயற்சி:

*வானத்துக்கும் பூமிக்கும் நடுவே அந்த ராட்டினம் ஒரு மாபெரும் கேள்விக்குறியாக—*

வேண்டாம். ராட்டினம் வட்டமானது. கேள்விக்குறி மாதிரி இருந்தால் எவன் ஏறுவான்?

இரண்டாவது முயற்சி:

*அச்சுக்குள் தலைமுடி அகலத்தில் ஒரு விரிசல் இருந்தது. அது யார் கண்ணுக்கும் படவில்லை, ஒருத்தியைத் தவிர—*

நல்ல ஆரம்பம். எனக்கும் தெரியும். இதைப் படித்திருந்தால் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆனால் விரிசல் இல்லை. அடித்துவிட்டேன். [அடித்த இந்த வரி பின்னால் எனக்கு ஒரு சண்டையை இழுத்துவிடப் போகிறது. மறந்துவிடாதீர்கள்.]

மூன்றாவது முயற்சி: என் நாத்தனார் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்டினம் ஓட்டுகிறாள்.

இதுவே போதும்.

3

ராட்டினம் ஓட்டுவதென்றால் பொத்தானை அமுக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆள் நின்றால் முட்டி இடிக்கிற ஒரு கண்ணாடிக் கூண்டு. பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், ஒரு மைக். கழுத்தில் புகைப்படம் போட்ட அனுமதி அட்டை. அந்த அட்டை இல்லாமல் யாரும் அந்தக் கூண்டுக்குள் கால் வைக்க முடியாது. அதை வாங்கிய அன்று எங்கள் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். காலையில் இஞ்சினியர் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். காற்று இல்லை. ராட்டினத்தின் எல்லாப் பெட்டிகளிலும் ஆட்கள். பாதிச் சுற்றில் இவள் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டாள். மைக்கில், "எல்லாரும் உக்காந்தே இருங்க. ஒவ்வொரு பெட்டியா இறக்கி விடறேன். யாரும் எழுந்திருக்காதீங்க," என்று சொன்னாள்.

இறக்குவதில் ஒரு முறை உண்டு. வரிசையாக இறக்கினால் ஒரு பக்கம் காலியாகி, மறுபக்கத்துப் பாரம் சக்கரத்தை இழுக்கும். அதனால் கீழே இருக்கிற பெட்டியைக் காலி செய்ததும், மெல்லச் சுழற்றி, அதற்கு நேர் எதிரே உச்சியில் இருக்கிற பெட்டியைக் கொண்டுவர வேண்டும். இது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். மேலே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஓர் அப்பா, தன் பெட்டி தரைக்குப் பக்கத்தில் வந்தும் நிற்காமல் மறுபடி மேலே போனதைப் பார்த்துக் கொதித்துப்போனார். "பக்கத்துல இருக்கிற எங்களை விட்டுட்டு உச்சியில இருக்கிறவங்களை இறக்கறாங்க பாருங்க! அவங்க என்ன இவளுக்குச் சொந்தமா?" என்று போனில் வீடியோ எடுத்து, இறங்குவதற்குள் ஊருக்கே அனுப்பிவிட்டார்.

எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். ஓர் அம்மாவின் செருப்பு மட்டும் மேலிருந்து விழுந்தது.

இஞ்சினியர்கள் வந்து அச்சு, தாங்கி, போல்ட், மோட்டார் என்று ஒன்றுவிடாமல் கழற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஒரு குறையும் இல்லை. "நேத்து வாங்கின மாதிரி இருக்கு," என்றாராம் ஒருவர். என் நாத்தனாரின் கழுத்திலிருந்த அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கூட வேலை செய்கிறவர்கள் அன்றிலிருந்து அவளை 'பிரேக்கு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "என்ன பிரேக்கு, இன்னிக்கு எதை நிறுத்தப் போறே?" இப்படி.

அப்புறம் ஒரு தாள் வந்தது, ஆங்கிலத்தில். 'நடந்தது என் கணிப்புப் பிழை; இனிமேல் கண்ணால் காணக்கூடிய காரணம் இல்லாமல் ராட்டினத்தை நிறுத்த மாட்டேன்' என்று அவள் சொல்வதுபோல அதில் எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வந்து இதில் கையெழுத்துப் போட்டால் அட்டை திரும்பக் கிடைக்கும். போடாவிட்டால் அட்டை ரத்து. அதன்பிறகு எந்தப் பூங்காவிலும் எந்தக் கூண்டுக்குள்ளும் அவளை ஏற்ற மாட்டார்கள்.

4

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் போர்வையை விரித்து, அவள் தன் சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்தைப் போட்டுட்டு வேலையைப் பாரு," என்றார் இவர். "ஒரு கையெழுத்துல என்ன குறைஞ்சு போயிடும்? புத்தியோட நடந்துக்கோ."

"எந்தப் புத்திண்ணா? அண்ணி ஆறு வகை வச்சிருக்காங்க. எதை எடுத்துக்கட்டும்?"

இவர் என்னை முறைத்தார். நான்தான் தூண்டிவிடுகிறேன் என்று நினைப்பு. அவளோ இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "நெசமாத்தான் கேக்கறேன் அண்ணி. நான் செஞ்சதுக்கு இங்கிலீஷ்ல எந்த வார்த்தை?" என்றாள்.

சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"குடையை வச்சுச் சொல்றேன் கேளு. மழை வர்ற மாதிரி இருந்தா குடையை எடுத்துக்கிட்டுப் போறவ சென்சிபிள். எதுக்கு வம்புன்னு அன்னிக்கு வெளியவே போகாதவ ப்ரூடென்ட். குடை விக்கப் போறவ ஷ்ரூட்."

"அந்த ஜுடி... ஜுடி..."

"ஜுடிஷியஸ். மேகத்தைப் பாத்து, தூரத்தைப் பாத்து, குடையைச் சுமக்கிற கஷ்டத்தையும் பாத்து, ரெண்டு பக்கமும் எடை போட்டு முடிவெடுக்கறவ. வானம் பளிச்சுன்னு இருக்கும்போதே மழை வாசனை புடிக்கிறவ சகேஷியஸ்.*"

"வைஸ்?"

"அது பெரிய வார்த்தை. நம்ம வீட்ல யாருக்கும் பொருந்தாது."

இவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. சட்டைக் காலரை நீவிக்கொண்டே, "ஆனா மழை வரலையே அண்ணி," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் இந்தச் சொற்களோடு குடித்தனம் நடத்தியும் இது என் மண்டையில் உறைக்கவில்லை. இந்த ஆறு சொற்களுக்குள் ஆயிரம் வித்தியாசம் இருக்கட்டும். ஒரு விஷயத்தில் எல்லாம் ஒரே கட்சி. எல்லாம் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கின்றன. மழை வந்ததா என்று பார்த்துவிட்டு, வந்தால் தோளில் கைபோட வருகின்றன. வராவிட்டால் 'வீண் பயம்' என்று இன்னொரு பக்கத்தைப் புரட்டச் சொல்லிவிட்டு ஓடிவிடுகின்றன. நல்ல புத்திக்குச் சொல்லா இவை? அதிர்ஷ்டத்துக்குச் சொல்!

\* சகேஷியஸ் ஒரு காலத்தில் வேட்டை நாயின் மூக்குக்கும் சொன்ன சொல். இப்போது யாரும் பேச்சில் பயன்படுத்துவதில்லை என்று புதிய பதிப்பிலிருந்து அதை எடுத்துவிடப் பார்க்கிறார்கள். நான் எதிர்த்துக் குறிப்பு எழுதியிருக்கிறேன். அது வேறு சண்டை.

5

இப்போது உங்களிடம் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். கதை எழுத உட்கார்ந்ததும் எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நிறம் பிடித்துவிட்டது என்பதற்காக ஒரு அளவு சின்ன ஷூவை வாங்கிக்கொண்டு வந்து, மாதக்கணக்கில் நொண்டுகிறவள் இவள். வாசலில் நுழையாத சோபாவை வாங்கியவள். ஒருவனைப் பார்த்த மாத்திரத்தில் 'இவன்தான்' என்று ஒற்றைக் காலில் நின்று, நிச்சயதார்த்தத்துக்கு முன்பே 'இவன் இல்லை' என்று வந்து நின்றவள். இப்படிப்பட்டவளின் 'எனக்குப் பட்டுச்சு' என்பதை எந்த வாசகர் நம்புவார்?

ஒரு தேர்ந்த எழுத்தாளர் இங்கே என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ஷூவை எடுத்துவிடுவார். சோபாவைக் கடையிலேயே விட்டுவிடுவார். அவளுக்கு எண்ணெய் மணக்கும் விரல்களையும், இயந்திரத்தின் மூச்சைக் கேட்கிற காதையும் கொடுப்பார். அப்படி எதுவும் கிடையாது. அவள் விரலில் மணப்பது கை கழுவுகிற சோப்பு.

ஷூவை விட்டுவைத்தேன். ஆனால் வேறொரு காரியம் செய்தேன். வியாழக்கிழமை எல்லோரும் படுக்கப் போன பிறகு, அடித்த அந்த இரண்டாவது ஆரம்பத்தை எடுத்துத் தொடர்ந்து எழுதினேன். *தலைமுடி அகலத்தில் ஒரு விரிசல்.* எழுத எழுத அப்படியொரு நிம்மதி! ஒரே வரிதான், எல்லாம் சரியாகிவிட்டது. அவளுக்குச் சொல் கிடைத்தது, மேனேஜர் வாயடைத்து நின்றார், வீடியோ எடுத்த அப்பா வந்து கைகூப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் அதைப் படித்துவிட்டாள். மேசைமேலேயே வைத்தது என் தப்பு.

"விரிசலா? எங்க இருந்துச்சு?"

"கதைதாம்மா அது."

"என் கதைதானே?"

"ஆமா. ஆனா படிக்கிறவங்களுக்கு—"

"படிக்கிறவங்களை விடுங்க. நீங்க சொல்லுங்க. விரிசல் இல்லாம கதையில என்னை நிக்க வைக்க முடியலையா உங்களால? வீட்ல ஒரு ஆளாவது நம்புதுன்னு நெனச்சேன். நீங்களும் நம்பல. அதான் ஒண்ணைக் கொண்டாந்து சொருகிட்டீங்க."

"அப்படி இல்ல..."

"விரிசல் இருந்தா யாரு வேணா நிறுத்துவாங்க அண்ணி. அதுக்கு நான் எதுக்கு?"

தாளை என் கையில் கொடுத்துவிட்டு ஷூவை மாட்டப் போனாள். அந்தச் சின்ன ஷூவைத்தான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தாளைக் கிழித்துப் போட்டேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதன்பிறகு எழுதியது.

6

விசாரணை அறையில் குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. எதிரே மேனேஜர், நல்ல மனுஷர், எல்லோருக்கும் தண்ணீர் எடுத்துவைத்தார். பக்கத்தில் பாதுகாப்பு அதிகாரி, குட்டை முடி வைத்த ஒரு பெண்மணி. நாத்தனாருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல நான். அவர்கள் பேசியது ஆங்கிலம். இங்கே என் தமிழில் தருகிறேன்.

"அன்றைக்கு என்ன பார்த்தீர்கள்?" என்றார் மேனேஜர்.

"ஒண்ணும் பாக்கல."

"ஏதாவது சத்தம்?"

"கேக்கல."

"அப்புறம் எதற்காக நிறுத்தினீர்கள்?"

அவள் எதிரே இருந்த தண்ணீரைத் தள்ளிவைத்தாள். நான் மனசுக்குள், 'ஏதாவது சொல்லுடி, ஒரு அதிர்வுன்னாவது சொல்லேன்' என்று தவித்தேன். சொல்லவில்லை.

"ஏதோ சரியில்லைன்னு பட்டுச்சு சார். சரியில்லைன்னு எனக்குத் தெரியாது. ஆனா சரியா இருக்குன்னும் அந்த நேரத்துல என்னால சொல்ல முடியல. மேல அத்தனை பேர் இருக்காங்க. தெரியாம எப்படி சார் சுத்தறது?"

மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"ஆக, தெரியாமல்தான் செய்தேன் என்று ஒத்துக்கொள்கிறார்," என்றார் மேனேஜர், குறித்துக்கொண்டே. பிறகு தாளை இந்தப் பக்கம் நகர்த்தினார். "இது தண்டனை இல்லை. ஒரு சின்னப் பிழை என்று எழுதி முடித்துவிடுவோம். ப்ரூடென்ட்டாக நடந்துகொள்ளச் சொல்லுங்கள்."

அந்தச் சொல்லை என்னிடமா சொல்ல வேண்டும்?

"யாருக்கு ப்ரூடென்ட்?" என்று கேட்டுவிட்டேன். "அந்தச் சொல் முதலில் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறவருக்குச் சொல்வது. என் நாத்தனார் கையெழுத்துப் போட்டால் அவருக்கு நல்லது, உங்களுக்கு நல்லது. பெட்டியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு எந்தச் சொல்?"

"நீங்கள் மொழிபெயர்க்க மட்டும் வந்திருக்கிறீர்கள்."

"அதைத்தான் செய்கிறேன்."

நாத்தனார் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். சின்ன ஷூ, நன்றாகவே வலித்தது.

பாதுகாப்பு அதிகாரி அப்போதுதான் முன்னால் சாய்ந்தார். "ஒரே ஒரு கேள்வி. விரிசல் இல்லை என்று இப்போது உங்களுக்குத் தெரியும். நாளைக்கே மறுபடி அப்படித் தோன்றினால்?"

இதை நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. கேட்ட விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நிறுத்துவேன்," என்றாள். "மறுபடி இறக்கும்போது மட்டும், ஏன் இந்த வரிசையில இறக்கறேன்னு மைக்குல சொல்லுவேன். அது அன்னிக்கு நான் சொல்லல. வீடியோ எடுத்த அந்த ஆள் பயந்தது நியாயம்தான்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பூசி மெழுக எனக்கு இடம் இருந்தது. 'தகுந்த காரணம் இருந்தால் நிறுத்துவேன்' என்று நாலு சொல் சேர்த்திருந்தால் அட்டை அப்போதே அவள் கழுத்துக்கு வந்திருக்கும், அவளுக்கும் தெரிந்திருக்காது. காலையில் அவள் தாளை என் கையில் கொடுத்த விதம் ஞாபகம் வந்தது. 'நிறுத்துவேன்' என்பதை 'நிறுத்துவேன்' என்றே சொன்னேன். மிச்சத்தையும் அப்படியே.

அவள் பேனாவை மூடி மேனேஜர் பக்கம் வைத்தாள். தாளில் கையெழுத்து விழவில்லை.

வெளியே உட்காரச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் பெஞ்சு. ஜன்னல் வழியே ராட்டினம் தெரிந்தது, வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அதைப் பார்க்காமல் ஷூவைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அட்டை தொங்கிய இடத்தில் கை போய்ப் போய் வந்தது. பிறகு கதவு திறந்தது. பாதுகாப்பு அதிகாரி வெளியே வந்து எங்களைப் பார்த்து—

7

—ஒன்று சொன்னார். என்ன என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

கோபப்படாதீர்கள். கோபப்பட்டாலும் சொல்ல மாட்டேன். சில முடிவுகளை எழுதித்தான் பார்த்தேன்.

*அட்டையைத் திரும்பக் கொடுத்தார்கள். அவள் கூண்டுக்குள்—* இப்படி முடித்தால், 'பார்த்தியா, அவ செஞ்சது சரிதான்' என்று புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

*அட்டையை ரத்து செய்தார்கள். இப்போது அவள் ஒரு துணிக்கடையில்—* இப்படி முடித்தால், 'பாவம், கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம்' என்பீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்களில் பாதிப் பேர் ஆறாம் பகுதியிலிருந்தே அதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள். அவளை வெளியே அனுப்புகிறார்கள். கொஞ்ச நாளில் *ராட்டினம் ஒரு ஞாயிற்றுக்கிழமை—* இதை நான் எழுதவே மாட்டேன். ஒருத்தி சொன்னது சரி என்று உங்களுக்குக் காட்டுவதற்காகப் பெட்டி பெட்டியாக ஆட்களை ஏற்றி நான் கீழே தள்ள வேண்டுமா? பிள்ளைகளையும் சேர்த்தா? அவள் அத்தனை பேரையும் எதிரும் புதிருமாகப் பார்த்துப் பார்த்து இறக்கிவிட்டது, நான் திரும்ப ஏற்றுவதற்கா?

முடிவைச் சொன்னால் அதை வைத்துச் சொல்லைத் தேர்ந்தெடுப்பீர்கள். அந்த ஆறு சொற்களும் செய்கிற அதே வேலையை நீங்களும் செய்வீர்கள். அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

நேற்று தலைமை ஆசிரியை மறுபடி கேட்டார்: "ஜுடிஷியஸுக்கு உதாரணம் எங்க? பக்கம் அச்சுக்குப் போகணும்." என் வாக்கியத்தையே மறுபடி கொடுத்தேன். சொல்லுக்கான இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். "இது எந்தச் சொல்லுக்கு?" என்றார். "கேட்டுச் சொல்றேன் மேடம்," என்றேன். உங்களைத்தான் கேட்கிறேன்.

ஆனால் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லக் கூடாது. எழுந்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காற்று இல்லை. பெட்டிக்குள் நீங்கள், பக்கத்தில் உங்கள் பிள்ளை, கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறது. சக்கரம் உங்களை உச்சிக்குக் கொண்டுபோகிறது. கீழே கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருத்தி, சின்ன ஷூ போட்டவள், அவளுக்கு ஏதோ சரியில்லை என்று படுகிறது. விரிசல் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நானும் அங்கே இல்லை.

அவள் கை சிவப்புப் பொத்தானுக்குப் போகிறது. அவளுக்கு எந்தச் சொல்?

இப்போதே சொல்லுங்கள். இறங்கிய பிறகு சொல்வதை நான் அகராதியில் சேர்க்க மாட்டேன்.